மழை நடைக்கு ஒரு நாள் கையிருப்பு

மழையில் பாதயாத்திரை போக என்னென்ன வேண்டும் என்று கேட்டால், போய் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். மழைக்கோட்டு, மாற்றுத் துணிக்குப் பாலித்தீன் பை, டார்ச், பஞ்சு, பிளாஸ்திரி, தைலம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவை அத்தனையையும் விட அவசியமான ஒன்று எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. அது ஒரு நாள். மூன்று நாளில் நடந்துவிடலாம் என்று தோன்றும் தூரத்துக்கு நான்கு நாள் ஒதுக்குவது. மழை தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் கூட்டம் நிற்க முடியாமல் போவதுதான் ஆபத்து. நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கையில் நாள் இல்லாததுதான். மழைக்கோட்டுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை நாட்காட்டிக்குச் செலவழித்தால் நடை பத்திரமாக முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

ஒரத்தநாட்டிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் ஒரு குழுவை வைத்துப் பேசுவோம். இந்த வட்டாரத்திலிருந்து சமயபுரத்துக்கும் நடக்கிறார்கள், பழனிக்கும் நடக்கிறார்கள். சமயபுர நடையில் எதிரி சித்திரை வெயில். பழனி நடையில் தை மாதப் பனி. 2021 ஜனவரியில் பெய்ததைப் போல அறுவடைக்கு நின்ற சம்பாவையே சாய்த்த மழை தையில் வருவது விதிவிலக்கு. வேளாங்கண்ணி நடைதான் மழையை எதிர்பார்த்தே கிளம்ப வேண்டிய நடை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8 மாதா பிறந்த நாள். தேதி நகராது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போனால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மூன்றால் வகுத்தால் நாளுக்கு 30 என்று அழகாக வருகிறது. அந்த அழகுதான் ஆளை ஏமாற்றுகிறது.

ஏன் என்று பார்க்க, அந்தப் பருவத்து மழை எப்போது பெய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டெல்டாவின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. அது நாள் கணக்கில் பெய்யும். ஆவணி மழை அந்த ரகம் அல்ல. பகலெல்லாம் வெயில் காய்ந்து, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மேல்காற்றோடு மோதி, சாயங்காலம் மேகம் திரண்டு, பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். வானொலியும் தொலைக்காட்சியும் வெப்பச்சலன மழை என்று சொல்வது இதைத்தான். நள்ளிரவுக்குமேல் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். விடியற்காலை தெளிவாக இருக்கும். இப்போது நம் குழுவின் நடை நேரத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இடையில் ஒரு மணி நேரம் காலைச் சாப்பாட்டுக்குப் போக, பதினொன்று வரை ஐந்து மணி நேர நடை. பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலுக்கு ஒதுங்கல். மூன்றிலிருந்து ஆறு வரை மூன்று மணி நேரம். செப்டம்பர் தொடக்கத்தில் ஆறேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆக எட்டு மணி நேரம். பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் போனால் 32. காய்ந்த நாளில் 30 கிலோமீட்டர் முடிகிறது, மிச்சம் இரண்டே கிலோமீட்டர்தான். ஒரு மாலையில் மழை பிடித்தால் 12 கிலோமீட்டர் அப்படியே போய்விடும். அன்றைய 30-இல் பாக்கி நிற்கும் 10-ஐ எங்கே வைத்து நடப்பது? இரவில்தான். மழை ஓயட்டும் என்று எட்டு மணி வரை நின்றுவிட்டு, ஈரத் தாரில், இருட்டில், களைத்த காலோடு பதினொன்றரை வரை நடை. மறுநாள் ஐந்து மணிக்கு எழ முடியாது. எழுந்தாலும் கால் வராது. இரண்டு மாலை இப்படிப் போனால் 20 கிலோமீட்டர் பாக்கி. ஒரு முழுக் காலை நடை.

இதே தூரத்தை நான்கு நாளில் வையுங்கள். காலை நடையை மட்டும் நம்பினாலே நாளுக்கு 20, நான்கு நாளில் 80. மீதி 10 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரே ஒரு காய்ந்த மாலை போதும். மற்ற மூன்று மாலையும் மழைக்கே விட்டுக் கொடுக்கலாம். கையிருப்பு நாள் என்று இங்கே சொல்வது வழியில் எங்கோ ஒரு நாள் சும்மா படுத்துக் கிடப்பதை அல்ல என்பது இதிலிருந்து தெரியும். மாலை நடையைக் கட்டாயத்திலிருந்து விடுவித்து உபரியாக மாற்றுவதற்கான விலை அந்த ஒரு நாள்.

இருட்டில் நடந்தால் என்ன, வருஷா வருஷம் நடக்கிறார்களே என்று கேட்பவர்கள், மழையில் சாலை என்ன ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரத்தநாட்டுப் பக்கம் மண் சிவப்பும் மணலும் கலந்தது. 1934-இல் மேட்டூர் அணையோடு பாசனத்துக்கு வந்த புது ஆற்றுப் பகுதி, அதாவது கல்லணைக் கால்வாய்ப் பகுதி. மழை விட்டுச் சற்று நேரத்தில் சாலை ஓரம் கால் வைக்கும்படி ஆகிவிடும். கிழக்கே போகப் போக வெண்ணாற்றுப் படுகையின் களிமண். மன்னார்குடியைத் தாண்டிவிட்டால் ஓரத்தில் ஒரு தூறல் விழுந்தாலே போதும், பாதத்தில் அப்பிக்கொண்டு, நாலு எட்டில் கால் இரண்டு கிலோ கனக்கும்; வெறுங்காலோ செருப்போ, வழுக்குவது ஒன்றுதான். நடப்பவர் உடனே என்ன செய்வார்? தார் மேல் ஏறுவார். ஏறாதே என்று எந்தத் தலைவர் சொன்னாலும் ஏறுவார், ஏனென்றால் ஓரத்துக்கு அடுத்தது பாசன வாய்க்கால், ஜூனில் மேட்டூர் திறந்திருந்தால் நடை போகும் சமயத்தில் அதில் தண்ணீர் விளிம்பு தட்டிக்கொண்டு ஓடும். போதாக்குறைக்குக் குறுவை அறுவடை தொடங்கியிருந்தால் சாலையின் பாதியில் நெல் காய்கிறது. மேகம் கறுத்ததும் அதைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, காற்றுக்குப் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துவிடுவார்கள். பகலில் அது ஒரு குவியல். இரவு மழையில் அது கண்ணுக்குத் தெரியாத திட்டு. அதைச் சுற்றிப் போகும் நடையாளியும் மோட்டார் சைக்கிளும் சாலையின் நட்டநடுவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஓட்டுநர் பக்கமிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகுமென்றால் அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். ஈரத் தாரில் வண்டி நிற்க அதற்குமேல் இன்னும் 30 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். தாழ்த்திய முன்விளக்கில், வைப்பர் ஆடிக்கொண்டிருக்கும் கண்ணாடி வழியாக, ஈரமான ஓர் ஆள் அந்தத் தூரத்தில் தெரிவாரா என்பதே சந்தேகம். வேளாங்கண்ணி நடையின் காவித்துணி காய்ந்திருக்கும்போது பளிச்சென்று தெரியும், நனைந்தால் கறுத்துப்போகும். ஒளிரும் பட்டையை முதுகிலும் கையிலும் ஒட்டிக்கொள்வது நல்லதுதான், கட்டாயம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டால் பட்டை இருந்தும் இல்லாததே. கோட்டின்மேல் ஒட்ட வேண்டும் என்பது கடையில் வாங்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. எப்படிப் பார்த்தாலும் கருவி ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மழை இரவில் சாலையில் இல்லாமல் இருப்பதே அதை நீக்கும்.

இவ்வளவு மெதுவாக நடந்தால் அது நடையா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய உப்புச் சத்தியாக்கிரகிகள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்தை அடைந்தது ஏப்ரல் 28-இல். சுமார் 150 மைல், சுமார் நூறு பேர். கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். போலீஸ் தடியடி வாங்கத் தயாராக இருந்தவர்கள், பொறுக்கியெடுத்த தொண்டர்கள், மழைக்காலம் அல்லாத சித்திரை மாதம், அவர்களே 16. அதே ஆண்டு காந்தி தண்டிக்குப் போனதும் ஏறக்குறைய அதே வேகம்தான்: 24 நாளில் சுமார் 240 மைல், அதில் திங்கட்கிழமைகளில் ஓய்வு. அவர்கள் மெதுவாகப் போனது ஊர் ஊராகக் கூட்டம் போடத்தானே, காலுக்காகவா என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். கூட்டம் போடுவதுதான் நோக்கம். ஆனால் கூட்டத்துக்காக ஒதுக்கிய நேரம் காலுக்கும் ஓய்வாகத்தான் இருந்தது. தஞ்சை கலெக்டர் தார்ன், சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்பேன் என்று மிரட்டியிருந்தார். ஓர் ஊரில் ஏற்பாடு தவறினால் சமாளிக்க அவகாசம் வேண்டியிருந்தது. நாளுக்கு 30 என்று திட்டமிட்டிருந்தால் அந்த அவகாசம் எங்கிருந்து வந்திருக்கும்?

இன்னும் பழைய சாட்சி ஒரத்தநாட்டுக்குள்ளேயே நிற்கிறது. முக்தாம்பாள் சத்திரம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி கட்டியது, ராமேஸ்வரம் போகும் நடையாத்திரிகர்களுக்காக. தஞ்சை மராட்டியர் இந்தப் பாதை நெடுகச் சத்திரம் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்திரத்தில் என்ன நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டுக்கு 1801-இல் சரபோஜி எழுதிய கடிதத்தில் அந்த வழக்கங்கள் விரிவாக இருக்கின்றன. நடு இரவு வரை சோறு. கடைசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று அழைத்துப் போடுவது. வழியில் நோய்ப்பட்டவருக்கு வைத்தியரும் மருந்தும், குணமாகும் வரை தங்கும் இடமும். அதாவது சத்திரம் சோறு மட்டும் போடவில்லை. தங்கிப் போக உரிமை தந்தது. நேரம் தவறி வருபவர் உண்டு, நடக்க முடியாமல் கிடப்பவர் உண்டு என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்த ஏற்பாடு. இன்றைய பாதயாத்திரையில் சோற்றுக்குக் குறைவில்லை. பத்து கிலோமீட்டருக்குள் யாராவது பந்தல் போட்டு மோரும் தக்காளி சாதமும் கொடுத்துவிடுகிறார்கள். இல்லாமல் போனது தங்கிப் போகும் உரிமை. பந்தல்காரர் சாப்பாடு போட்டு வழியனுப்பி வைப்பார். மழைக்கு ஒதுங்கி ஓர் இரவு நாற்பது பேர் படுக்க இடம் அவரிடம் இருக்காது. அந்த உரிமையைக் குழுவேதான் தனக்கு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி ஆட்சேபங்கள். முதலில் வருவது, நாங்கள் மழையில் நாற்று நட்டவர்கள், எங்களுக்கு மழை ஒரு பொருட்டா என்பது. வயலில் மழை பொருட்டல்லதான். ஆனால் வயலில் லாரி வருவதில்லை. கால் வைக்கும் இடம் தெரிந்த இடம். பொழுது சாய்ந்தால் வீடு. உடம்பின் பழக்கம் சாலையின் ஆபத்தைக் குறைக்காது. வயலிலும்கூட இடி இடித்தால் கரையேறிவிடுகிற அதே ஆள், பாதயாத்திரையில் கூட்டத்தோடு இருக்கும் தைரியத்தில் நடந்துகொண்டே இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, கூலி. இது லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. நடப்பவர்களில் பலர் அன்றாடம் சம்பாதிப்பவர்கள். குறுவை அறுவடையும் சம்பா நாற்றங்கால் வேலையும் வரும் சமயம். ஒரு நாள் கூடுதல் என்றால் ஒரு நாள் கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு, கூட வரும் வண்டிக்கு ஒரு நாள் வாடகை. மூன்று நாளுக்குமேல் முடியாது என்பவரிடம் நான்கு நாள் வா என்பது வீண் உபதேசம். அவருக்கான வழி, தூரத்தைக் குறைப்பது. மன்னார்குடி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தால் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளுக்குச் சரியான அளவு. நேர்த்திக்கடன் வீட்டு வாசலிலிருந்து அல்லவா என்றால், வேண்டிக்கொள்ளும்போதே மன்னார்குடியிலிருந்து நடந்து வருகிறேன் தாயே என்று வேண்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே வீட்டிலிருந்து என்று வேண்டிவிட்டவர், முதல் நாள் வாசலிலிருந்து முடிந்த தூரம் நடந்துவிட்டு ஏறட்டும். கிளம்புமுன் தெளிந்த மனதோடு குறைத்துக்கொள்வதும், கடைசி இரவில் தூக்கக் கலக்கத்தில் மழைக்குள் 40 கிலோமீட்டர் துரத்துவதும் ஒன்றல்ல. மூன்றாவது ஆட்சேபம் இதற்குள்ளேயே இருக்கிறது: நடுவழியில் வண்டி ஏறினால் வேண்டுதல் முறிந்துவிடும் என்பது. நடக்கும் வழியில் விவாதிக்க ஆரம்பித்தால் இதற்கு முடிவே கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து, காய்ச்சல் கண்டவர், காலில் காயம்பட்டவர், எட்டு மாதக் கர்ப்பிணி ஆகியோர் ஏறலாம், ஏறினால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும். (எட்டு மாதக் கர்ப்பிணியைக் கிளப்பிக்கொண்டு போவதே தப்பு, ஆனால் போகிறார்கள்.)

நான்காவது ஆட்சேபம் கூர்மையானது. ஒரு நாள் உபரி இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் முதல் நாளே சோம்பிவிடும், அந்த நாள் மன்னார்குடிக்கு முன்பே தீர்ந்துபோகும் என்பது. நடக்கக் கூடியதுதான். ஆகவே எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதைவிட யார் கையில் வைத்திருக்கிறோம் என்பது முக்கியம். காலை நடை 20 கிலோமீட்டர் கட்டாயம். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. மாலை நடை மட்டும்தான் விட்டுக் கொடுக்கத் தக்கது, அதுவும் காரணம் இருந்தால். நிறுத்தும் அதிகாரத்தைக் குழுத் தலைவரிடம் கொடுக்காமல் கடைசியில் நடப்பவரிடம் கொடுப்பது நல்லது. தலைவர் பெரும்பாலும் முன்னால் போவார். கூட்டத்திலேயே திடகாத்திரமானவர் அவராகத்தான் இருப்பார். இத்தனையாவது வருஷம் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. பின்தங்குகிறவரையும் நொண்டுகிறவரையும் பார்ப்பவர் கடைசி ஆள்தான். காய்ந்த நாளில் இரட்டை வரிசையில் 30 மீட்டருக்குள் போகும் நாற்பது பேர், மழை பிடித்தால் அரை கிலோமீட்டருக்குச் சிதறிவிடுவார்கள். முன்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கடைசி ஆள் போனில் நில் என்றால் முன்வரிசை நின்றே ஆக வேண்டும். நிதானமான ஒருவரை, கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ளவராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்துக்குப் போடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதில் தர்க்கத்துக்கு இடம் வைக்கக் கூடாது. இடி முதல் காரணம். இந்தியாவில் ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் சாகிறார்கள். டெல்டா வெளியில் சாலைமேல் நடக்கும் கூட்டம் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக இருக்கும். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை கிளம்பக் கூடாது. இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியும் அருகில் மின்னல் விழுவதைக் காட்டும். இரண்டு பேர் போனிலாவது இருக்கட்டும். ஒதுங்குவது எங்கே என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தென்னை, பனை, புளிய மரத்தடி கூடாது. நாலு கால் மேல் தகரம் போட்ட பஸ் நிறுத்தம், வயல் நடுவே மோட்டார் கொட்டகை, கீற்றுக் கொட்டகை எதுவும் காப்பாற்றாது. சுவரும் காங்கிரீட் கூரையும் உள்ள கட்டடம், இல்லையென்றால் கதவடைத்த பஸ், வேன், கார். இரண்டும் எட்டாத இடத்தில் சிக்கினால் கூட்டமாக ஒட்டி நிற்காமல் விலகி விலகிக் குந்த வேண்டும். ஓரிடத்தில் விழுவது எல்லோரையும் சேர்த்து அடிக்காமல் இருக்க. இரண்டாவது காரணம் இருட்டியபின் பெய்யும் மழை, தூறலாக இருந்தாலும். மூன்றாவது, சாலையையோ பாலத்தையோ மூடிக்கொண்டு ஓடும் தண்ணீர். முழங்காலுக்குக் கீழ்தானே என்று இறங்கக் கூடாது, கீழே தார் இருக்கிறதா அரித்துப் போயிருக்கிறதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

ஆகவே கிளம்புமுன் ஒருவர் பைக்கில் பாதை முழுக்கப் போய்வர வேண்டும். ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒதுங்கும் இடங்களைக் குறித்து, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, போன் நம்பரை வாங்கிவர வேண்டும். ஊராட்சிப் பள்ளி என்றால் தலைமையாசிரியர். சர்ச், பள்ளிவாசல், கோயில் மண்டபம் எதுவானாலும் முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், இரவு பத்து மணிக்கு நாற்பது பேர் நனைந்துகொண்டு போய் நின்றால்தான் சங்கடம். கல்யாண மண்டபத்தை நம்பாதீர்கள். ஆடியில் காலியாகக் கிடந்தது ஆவணியில் முகூர்த்தத்துக்குப் போயிருக்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் அந்த மாதம் மூட்டை அடுக்கியிருக்கும். ஆளுக்கு இடம் இருக்காது. அன்னதானம் செய்வதாகச் சொன்னவர்களுக்கும் இதே போன் ஏற்பாடு வேண்டும். மழை பிடித்தது, காலையில்தான் வருவோம் என்று உலை வைப்பதற்கு முன் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. வடித்துக் கொட்டிய பிறகு சொன்னால் சோறு வீண், அடுத்த வருஷ உறவும் வீண். சாப்பாடு தவறும் இரவுக்காக வண்டியில் அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாழைப்பழமும் இருக்கட்டும்.

கூட வரும் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதா சொரூபம் வைத்த சப்பரத்தை ஜோடித்து, சீரியல் விளக்குப் போட்டு, ஜெனரேட்டர் கட்டி இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் குருபூஜைத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணிச் சப்பரத்துக்கும் அந்தக் கம்பி அதே கம்பிதான். புதிதாகத் தார் போட்டுச் சாலை உயர்ந்த இடங்களில் கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கும். போன வருஷம் போன உயரம் இந்த வருஷம் போகும் என்று நினைக்கக் கூடாது. பாதை பார்க்கப் போகும் ஆளே கம்பிகளையும் பார்த்து வரட்டும். மழை தொடங்கியதும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். ஈரக் கம்பத்தில் சுற்றிய ஒயரும் இணைப்பில் கசியும் மின்சாரமும் சப்பரத்தைத் தள்ளுபவர் கைக்குத்தான் முதலில் வரும். காற்றில் கம்பி அறுந்து சாலையில் கிடந்தால் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே கொண்டு, கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

காலைப் பற்றிச் சுருக்கமாக. நனைந்த பாதம் ஊறி வெளுத்து, காய்ந்த பாதத்தைவிட வெகு சீக்கிரம் கொப்புளிக்கும். ஒதுங்கிய இடத்தில் முதல் வேலை காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு காயும்வரை நீட்டி உட்காருவது. உடைந்த கொப்புளத்தோடு தேங்கிய வயல் தண்ணீரில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழி. ஊர் திரும்பி ஓரிரு வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நடந்த அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈரத் துணியோடு தூங்கக் கூடாது, பிள்ளைகளும் முதியவர்களும் முக்கியமாக. காலுக்கு ஒரு மாலை ஓய்வு கிடைப்பதும் அந்தக் கையிருப்பு நாளால்தான்.

கையிருப்பு நாளால் ஆகாத மழையும் உண்டு. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. ஆவணி இடிமழை ஓரிடத்தில் கனமழை அளவைத் தொட்டாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மாலையை இழந்தால் போதும். ஐப்பசிக்குப் பிறகு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் அது வேறு விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைத் தோப்புகளில் தென்னைகளை வேரோடு சாய்த்தது. அந்த மாதிரி அறிவிப்பு வந்தால் எத்தனை நாள் உபரி வைத்திருந்தும் பயனில்லை. நடையைத் தள்ளிப் போட வேண்டும், பாதி வழியில் இருந்தால் பஸ் ஓடும்போதே ஊர் திரும்ப வேண்டும். கார்த்திகையில் சபரிமலைக்கு நடந்து கிளம்புகிறவர்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பக் கூடாது என்பதைக் குழு விதியாகவே எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியாக, மழையே பெய்யாமல் நான்கு நாளும் காய்ந்துவிட்டால் அந்த நாள் வீண்தானே என்பார்கள். நடைக்கு வீணாகலாம், திரும்பும் பயணத்துக்கு அது வேண்டும். நடந்து வந்தவர்கள் தேர் பார்த்த கையோடு, அதே இரவு, சாமான் ஏற்றி வந்த சரக்கு வண்டியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு ஊர் திரும்புவதை எல்லாப் பக்கமும் பார்க்கலாம். அந்த வண்டியின் டிரைவர் நாலு நாளாக முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் கூட்டத்தின் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தவர். சாமான் இறக்கி, தண்ணீர் பிடித்து, ராத்திரி சப்பரத்துக்குக் காவல் இருந்தவர். நடந்தவர்கள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள், அவரால் முடியாது. ஆட்களை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மிச்சப்பட்ட நாளை அவருக்குக் கொடுத்து, எட்டு மணி நேரம் தூங்கவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் சாமானோடு வரச் சொல்லுங்கள்.